வந்த வழியே

திங்கட்கிழமை காலை குழந்தைக்கு நகம் வெட்ட உட்கார்ந்தவனுக்கு வெட்டுவதற்கு நகம் கிடைக்கவில்லை.

ஐந்து மாதக் குழந்தையின் நகம் காகிதம்போல மெல்லியதுதான். ஆனால் வாரத்துக்கு ஒருமுறை வெட்டாவிட்டால் அது தன் கன்னத்தைத் தானே கீறிக்கொள்ளும். அதனால் காலையில் முதல் வேலையாகச் சின்ன நகவெட்டியை எடுத்துக்கொண்டு, சன்னலோரம் உட்கார்ந்து, குழந்தையை மடியில் கிடத்தி, மூடிய கையை விரல் விரலாகப் பிரித்துப் பார்த்தான். பத்து விரல்களிலும் நகம் நுனியைத் தொடவில்லை. நுனிக்குச் சற்று முன்னாலேயே, ரோஜா நிறச் சதையைக் கொஞ்சம் வெளியே விட்டுவிட்டு, வட்டமாக நின்றுபோயிருந்தது. வெட்டின தடம் இல்லை, கடித்த தடமும் இல்லை. விளிம்பு வழவழவென்று இருந்தது.

"நகம் வெட்டிட்டியா?" என்று சமையலறையைப் பார்த்துக் கேட்டான்.

"நான் எங்க வெட்டினேன்? அது உங்க டிபார்ட்மென்ட்." மனைவி சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டே வெளியே வந்தாள். "ஏழு மணிக்கு கம்பெனி வண்டி வந்துடும். பெரியவரோட நகத்தை ஆராய்ச்சி பண்ணிட்டிருந்தா எனக்கு நின்னுக்கிட்டுப் போற இடம்தான் கிடைக்கும்."

குழந்தைக்கு வீட்டில் 'பெரியவர்' என்று பெயர். பிறந்த அன்று, வரிசையில் வெகுநேரம் காக்கவைக்கப்பட்ட ஆளைப்போல நெற்றியைச் சுருக்கி எல்லோரையும் முறைத்ததால் அவள் வைத்தது. ஒன்பது வருடம் காத்திருந்து பிறந்த பிள்ளை. பிரசவத்தில் ரத்தம் நிற்காமல் போய்க் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். இனி இன்னொன்று கிடையாது. இருவரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

அவள் சீருடை தைக்கும் ஆலையில் வேலை பார்த்தாள். பிரசவ விடுப்பு முடிந்து திரும்பிப் போய் ஒரு வாரம் ஆகியிருந்தது. ஆறு மாதம் நிறையாத குழந்தையைக் காப்பகத்தில் எடுக்கமாட்டார்கள் என்பதால் மீதி நாட்களுக்கு அவன் விடுப்பு எடுத்திருந்தான். பால் கலக்குவது, துணி மாற்றுவது, தூங்கவைப்பது எல்லாம் ஒரு வாரத்தில் அத்துப்படி ஆகிவிட்டன. அவன் கை ஏற்கெனவே சின்ன உடம்புகளைத் தொட்டுப் பழகிய கைதான்.

மருத்துவக் கல்லூரியின் உடற்கூறியல் துறையில் அவன் தொழில்நுட்பர். கோழிமுட்டைகளை இன்குபேட்டரில் அடுக்கி, இருபத்துநான்கு மணி, முப்பத்துமூன்று மணி, நாற்பத்தெட்டு மணி என்று கணக்காக எடுத்து உடைத்து, மஞ்சள் கருவின் மேல் மிதக்கும் கருவை வெட்டியெடுத்து, சாயம் ஏற்றி, மாணவர்கள் பார்க்கக் கண்ணாடிச் சில்லில் பதிப்பது அவன் வேலை. மாணவர்கள் அவனை 'முட்டை சார்' என்பார்கள். அவனுக்கு அதில் வருத்தமில்லை. ஒரு கருவைக் காட்டினால் கடிகாரம் பார்க்காமல் அதன் வயதைச் சொல்லுவான். முதலில் தட்டையான ஒரு வட்டம். அதன் நடுவில் ஒரு கோடு விழும். கோட்டுக்கு முன்னால் இரண்டு மடிப்புகள் எழுந்து, திறந்த புத்தகம் மூடுவதுபோல ஒன்றையொன்று நெருங்கி ஒட்டிக் குழாயாகும். அதன் இருபுறமும் முதுகெலும்பு வரப்போகும் இடத்தில் மணிமணியாகக் கட்டிகள் ஜோடி சேர்ந்து முளைக்கும். ஜோடிகளை எண்ணினால் மணி தெரியும். கோழியானாலும் மீனானாலும் மனிதனானாலும் அந்த வயதில் அண்ணன் தம்பி ஜாடைதான். அப்புறம்தான் ஆளுக்கொரு வழி பிரிவார்கள்.

மனிதக் கருவின் அட்டவணையும் அவனுக்கு மனப்பாடம். நகம் விரல் நுனியைத் தொடுவது பிறப்புக்குச் சில வாரங்கள் முன்பு. அது நினைவுக்கு வந்ததும் நகவெட்டியைப் பெட்டிக்குள் போட்டு மூடினான்.

செவ்வாய்க்கிழமை குளிப்பாட்டும்போது உள்ளங்கால் கண்ணில் பட்டது. குழந்தையின் பாதத்தைச் சோப்பு நுரையோடு கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டிருந்தான். எப்போதும் கட்டைவிரலுக்கு அடியில் சின்னச் சின்ன மடிப்புகள் நெருடும். இன்று நெருடவில்லை. பாதத்தைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தான். பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் மை தடவி அட்டையில் ஒற்றியெடுத்த பாதம் அது. அட்டையில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் இருந்தன. கையிலிருந்த பாதத்தில் குதிகால் பக்கம் ஒரு கோடுகூட இல்லை. ஈரக் குழாயடியில் அவன் வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. குழந்தை அவன் முகத்தைப் பார்த்துச் சிரித்தது.

துடைக்கும்போது தோளிலும் முதுகிலும் பூனைமுடி தெரிந்தது. சாயங்காலம் மனைவியிடம் காட்டினான்.

"உங்க வம்சமே கரடி வம்சம். இதுல என்ன அதிசயம்?" என்று அவள் சிரித்தாள். கையில் வாங்கியதும் சிரிப்பு நின்றது. "கனம் குறைஞ்ச மாதிரி இருக்குங்க."

புதன்கிழமை மருத்துவரிடம் போனார்கள். அவள் ஆலையில் ஒரு மணி நேரம் அனுமதி கேட்டு நேராக வந்துவிட்டாள். காத்திருக்கும் அறையில் மின்விசிறி கிறீச்சென்று ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை முனகியது. டெட்டால் வாசனைக்கு அடியில் யாரோ பாலைக் கக்கிய புளிப்பு வாசனை. அவன் மடியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. குறைப் பிரசவக் குழந்தையின் வயதைக் கணிக்க மருத்துவர்கள் செய்யும் ஒரு சோதனை அவனுக்குத் தெரியும். காதை மெல்ல மடித்துவிட்டு விட வேண்டும். நிறைமாதக் குழந்தையின் காது உடனே நிமிரும். அவன் யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, குழந்தையின் இடது காதை இரண்டாக மடித்து விட்டான்.

காது நிமிரவில்லை. ஈரக் காகிதம்போல மடித்தது மடித்தபடியே கிடந்தது. அவன் விரலால் பிரித்து நிமிர்த்திவைத்தான்.

மருத்துவர் நிதானமான மனிதர். நாக்கைப் பார்த்தார், வயிற்றைத் தட்டினார், எடை போட்டார்.

"இருநூத்தம்பது கிராம் குறைஞ்சிருக்கு. அம்மா வேலைக்குப் போக ஆரம்பிச்சாச்சா?"

"பத்து நாள் ஆச்சு டாக்டர்."

"அதான். பாட்டில் பழகற வரைக்கும் சில பசங்க இப்படித்தான் அடம் பிடிக்கும்."

"காதைப் பாருங்க டாக்டர்," என்றான் அவன். "மடிச்சா நிமிரலை. பாதத்துல கோடு இல்லை. நகம் பின்னால போயிருக்கு. முதுகுல முடி வந்திருக்கு. எல்லாம் ஒரே வரிசையில போகுது டாக்டர். தலைகீழ் வரிசையில."

மருத்துவர் பேனாவை மூடினார். "நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

சொன்னான்.

"நெனச்சேன். நான் படிக்கும்போது எந்த வியாதியைப் படிச்சாலும் அது எனக்கே இருக்கும். கண்ணாடிச் சில்லுக்குள்ள பாக்கறதை வீட்டுல தேடாதீங்க." ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக்கொடுத்தார். முடிவு சனிக்கிழமை வரும் என்றார்.

அன்றிரவு அவள் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"நான்தான் காரணம். நான் வேலைக்குப் போனதுலேருந்துதான் இப்படி."

"அதில்லை."

"வேற என்ன? நீங்களே சொல்லுங்க. பிள்ளை பின்னால போறான்னு எவனாவது சொன்னா சிரிக்கமாட்டாங்களா? ஏங்கிப் போயிருக்கான். அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை போய் மேனேஜர்கிட்ட கால்ல விழுந்தாவது லீவு வாங்கிட்டு வந்துடறேன். மூணு மாசம். நான் பக்கத்துல இருந்தா சரியாயிடுவான்."

அவளுடைய முகத்தைப் பார்த்து அவன் தலையாட்டினான். அவளுக்குக் குற்றம் சுமப்பது எளிதாக இருந்தது. குற்றத்துக்காவது பரிகாரம் உண்டு.

வியாழக்கிழமை நாட்காட்டித் தாளின் பின்பக்கம் ஒரு கணக்குப் போட்டான். திங்கள், நகம்: பிறப்புக்கு மூன்று வாரம் முன். செவ்வாய், பாதம்: ஏழு வாரம் முன். புதன், காது: ஏழோடு நிற்காமல் இன்னும் ஐந்து வாரம். வியாழன் காலை குழந்தையின் வயிற்றுத் தோலுக்கு அடியில் நீல நரம்புகள், மழைக்காலச் சன்னலில் நீர் இறங்கும் தடம்போல, கிளை கிளையாகத் தெரிந்தன. அதைப் புதனுக்குக் கீழே எழுதினான். ஒவ்வொரு நாளும் முந்தைய நாளைவிடப் பெரிய அடி எடுத்துவைத்தது. உடம்பின் அளவு அதிகம் குறையவில்லை. உருவம்தான் போய்க்கொண்டிருந்தது. கோட்டை நீட்டிப் பார்த்தால் சனிக்கிழமைக்குள் பூஜ்யம் வந்தது.

துறைத்தலைவரைத் தொலைபேசியில் கூப்பிட்டான். எல்லோருக்கும் அவர் மேடம்.

"மேடம், ஒரு சந்தேகம். வளர்ச்சி பின்னால போகுமா?"

"நின்னு போகும். கோணலாப் போகும். பின்னால போகாதுப்பா. தப்பா வளர்றது கூட முன்னாலதான் வளரும். ஏன், என்ன ஆச்சு?" அவரே தொடர்ந்தார். "குழந்தை தூங்கவிடமாட்டேங்குதா? நீ நல்லாத் தூங்கி எத்தனை நாள் ஆச்சு?"

அவன் நன்றி சொல்லி வைத்தான். நாற்பது வருடம் கருக்களைப் பார்த்தவர் போகாது என்கிறார். பக்கத்தறையில் குழந்தை ஏதோ கொஞ்சிக்கொண்டிருந்தது. அந்தக் குரலும் மெலிந்திருப்பதாகத் தோன்றியது.

வெள்ளிக்கிழமை அவள் ஆறேமுக்காலுக்கே கிளம்பினாள். தூங்கும் குழந்தையின் நெற்றியில் முத்தமிட்டு, "பன்னெண்டு மணிக்கெல்லாம் வந்துடுவேன், பெரியவரே. கையில லீவோட," என்றாள். ஆலைக்குள் நுழையும்போது தொலைபேசியைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். வெளியே வரும்வரை அவளைப் பிடிக்க முடியாது.

ஒன்பதரைக்குக் குழந்தை விழித்தது. கை கால்களை ஆட்டும் சத்தத்தில்தான் அவனுக்குத் தெரிந்தது. பால் புட்டியோடு குனிந்தான். குழந்தை தலையை இப்படியும் அப்படியும் திருப்பியது. கண் திறக்கவில்லை.

பீளை என்று நினைத்தான். பஞ்சை வெந்நீரில் நனைத்துத் துடைத்தான். மறுபடி துடைத்தான். பிறகு சன்னல் திரையை விலக்கிவிட்டு நன்றாகக் குனிந்து பார்த்தான். மேலிமைக்கும் கீழிமைக்கும் நடுவே இருக்க வேண்டிய பிளவு இல்லை. மெல்லிய ஒரு வரி மட்டும் இருந்தது, பழைய தழும்புபோல. மேல் இமையும் கீழ் இமையும் ஒரே தோல். அந்தத் தோலுக்கு அடியில் கருவிழி அவனைத் தேடி உருண்டது.

அவன் குழந்தையைத் துண்டில் சுற்றிக்கொண்டு மூன்று மாடி இறங்கினான். தெருவில் வெயில் கொதித்தது. தார் உருகும் வாசனை. எதிர் வரிசைக் கடைகளின் இரும்புக் கதவுகள் கண் கூசும்படி மின்னின. வாடகை வண்டி ஒன்றும் நிற்கவில்லை. ஒரு வண்டி வேகம் குறைத்து, உள்ளே ஆள் இருப்பதைக் காட்டிவிட்டுப் போனது. குழந்தையின் கை அவன் சட்டையைப் பற்றியிருந்தது. நின்ற இடத்திலேயே அந்தப் பிடி நழுவுவதை உணர்ந்தான். மறுபடி பற்றியது. மறுபடி நழுவியது. எடுத்துப் பார்த்தான்.

விரல்களுக்கு இடையே தோல் முளைத்திருந்தது. முதல் கணு வரைக்கும்.

அட்டவணைப்படி இதற்கு இன்னும் ஒரு நாள் இருந்தது. ஒரு நாள் எங்கே போயிற்று? வெயிலில் போயிற்று. ஆய்வகத்தில் முதல் நாள் கற்றுத்தரும் பாடமே அதுதான். சூடு ஏறினால் மணி முந்தும். குளிர்ந்தால் மணி நிற்கும். பண்ணையிலிருந்து வரும் முட்டைகளைக் குளிர் அறையில் வைத்தால் கரு தூங்கும். ஒரு வாரம்கூடத் தூங்கும். வெளியே எடுத்த நிமிடத்திலிருந்துதான் வயது ஓடும்.

அவன் திரும்பி ஓடினான். படிக்கட்டில் காற்றே இல்லை. மூன்றாவது மாடிக்கு வந்து பார்த்தபோது தோல் இரண்டாவது கணுவுக்கு ஏறியிருந்தது.

ஏசியைப் பதினாறில் வைத்தான். கதவைச் சாத்தி இடுக்கில் துணியை அடைத்தான். ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டான்.

"என்ன பிரச்சினை சார்?"

"குழந்தைக்குக் கண் ஒட்டிடுச்சு."

"பீளையா இருக்கும் சார். வெந்நீர்ல—"

"பீளை இல்லைம்மா. தோல். ஒரே தோல்."

"மூச்சு வருதா?"

"வருது."

"காய்ச்சல்?"

"இல்லை."

"குழந்தைக்கு எத்தனை மாசம்?"

அவன் நாட்காட்டித் தாளில் போட்ட கணக்கைப் பார்த்தான்.

"ஹலோ? சார்? எத்தனை மாசம்?"

"இப்போ தெரியலைம்மா," என்றான்.

 மறுமுனையில் இருந்த பெண் விலாசத்தைக் கேட்டுக்கொண்டாள். எல்லா வண்டியும் வெளியே போயிருக்கிறது, வர ஒன்றரை மணி நேரம் ஆகும் என்றாள். மணி பத்தே முக்கால்.

துண்டை அவிழ்த்தான். குழந்தையை ஏசிக்கு நேரே கட்டிலில் கிடத்தினான். பேனாவை எடுத்து, இடது கையின் விரலிடைத் தோலின் விளிம்பில் ஒரு நீலப் புள்ளி வைத்தான். கருவில் எது எங்கே நகர்கிறது என்று பார்க்க அவர்கள் இப்படித்தான் சாயப் புள்ளி வைப்பார்கள். விளிம்பு புள்ளியைத் தாண்டினால் நகர்கிறது. தாண்டாவிட்டால் நின்றுவிட்டது. முட்டிபோட்டு உட்கார்ந்து பார்த்தான். ஏசி உறுமியது. சுவரில் வியர்வைபோல ஈரம் கோத்தது. பத்து நிமிடம். விளிம்பும் புள்ளியும் ஒட்டியே இருந்தன. இருபது நிமிடம். நகரவில்லை.

நின்றுவிட்டது.

அவன் வாய்விட்டுச் சிரித்தான். தரையில் நெற்றியை வைத்துச் சிரித்தான். பன்னிரண்டு மணிக்கு அவள் வந்துவிடுவாள். ஆம்புலன்ஸ் வந்துவிடும். ஐஸ் கட்டி வைத்தாவது ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விடலாம். கண்ணை வெட்டித் திறப்பார்கள், விரலைப் பிரிப்பார்கள், அதெல்லாம் இந்தக் காலத்தில் முடியாத காரியமா? இருப்பது இருந்தால் போதும். இதற்குமேல் போகாமல் இருந்தால் போதும்.

அப்போது குழந்தை அழுதது.

உதடு நீலம் பூத்திருந்தது. மோவாய் வெடவெடவென்று ஆடியது. திறக்காத கண்களோடு, கண்ணீர் வர வழியில்லாமல், முகத்தை மட்டும் கசக்கிக்கொண்டு அழுதது. சத்தம் பூனைக்குட்டியின் சத்தம் அளவுக்குத்தான் இருந்தது. கைகள் இரண்டும் காற்றில் துழாவின. அவன் ஒரு நிமிடம் பொறுத்தான். இரண்டு நிமிடம் பொறுத்தான். மூன்றாவது நிமிடம் எந்தத் தகப்பனும் செய்வதைச் செய்தான். சட்டைப் பொத்தான்களைக் கழற்றி, குழந்தையைத் தூக்கி, தன் வெறும் மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டான்.

வலது கன்னம் அவன் மார்பில். வலது தோள், வலது கை, வலது விலா, எல்லாம் அவன் தோலோடு ஒட்டின. இடது பக்கம் வெளியே. அதன்மேல் ஏசியின் காற்று நேராக அடித்தது. குளிரும் போகவில்லை, அழுகையும் அடங்கத் தொடங்கியது. இரண்டும் நடந்துவிட்டன என்று அவனுக்கு நிம்மதியாக இருந்தது.

"அம்மா வந்துடுவா," என்றான் அதன் தலையில் வாயை வைத்து. "லீவோட வந்துடுவா. இனிமே உன்னை விட்டு எங்கேயும் போகமாட்டா."

அழுகை விக்கலாகி நின்றது. அவன் அறைக்குள்ளேயே மெல்ல நடந்தான். கட்டிலிலிருந்து பீரோவரைக்கும், பீரோவிலிருந்து கட்டில் வரைக்கும். வெளியே தெரிந்த இடது கையின் நீலப் புள்ளியை அவ்வப்போது பார்த்துக்கொண்டான். நகரவில்லை. எவ்வளவு நேரம் நடந்தான் என்று தெரியாது. பல நாள் தூக்கம் கண்ணை அழுத்தியது. குழந்தையின் இதயம் அவன் விலாவில் தட்டிக்கொண்டிருந்தது. லப் டப். லப் டப். குருவிபோல வேகமாக.

பிறகு அது வேறு மாதிரி தட்டியது.

இரண்டு சத்தம் ஒன்றானது. தட்டுவதும் இல்லை அது. கீழிருந்து மேலாக ஓர் அலை. இன்னொரு அலை. நாற்பது மணி நேர முட்டையை உடைத்தால் இதயக் குழாய் அப்படித்தான் நெளியும். அவன் நின்றான்.

மார்பு ஈரமாக இருந்தது. வியர்வையைவிட வழவழப்பு.

போன கோடையில் ஒரு தட்டு முட்டை வீணானது. யாரோ அவசரத்தில் தட்டைச் சூடேற்றும் பல்பின் பக்கமாக நெருக்கித் தள்ளிவிட்டார்கள். உடைத்துப் பார்த்தபோது எல்லாக் கருவும் ஒருச்சாய்ந்திருந்தது. பல்பு பக்கம் ஒரு வயது, மறுபக்கம் வேறு வயது. ஒரே உடம்பில். மாணவர்களுக்குக் காட்ட வேண்டாம் என்று மேடம் சொன்னார். அவன் தட்டோடு கொண்டுபோய்க் கொட்டினான்.

குளிர் நிறுத்தும். சூடு ஓட்டும்.

அவன் மார்பு முப்பத்தேழு டிகிரி.

கீழே பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. கையை மட்டும் குழந்தைக்கும் தனக்கும் நடுவே மெல்ல நுழைத்தான். வலது காதைத் தேடினான். காது இருக்கும் இடத்தில் வழவழப்பு. விரல் கீழே இறங்கியது. தாடைக்குக் கீழே, கழுத்தில், வட்டமாக ஆறு சின்ன மேடுகள். காது மேலே ஏறப் புறப்படுவதற்கு முன் முளைத்திருக்கும் இடம். இன்னும் கீழே. தோள். தோளிலிருந்து கை. கை குட்டையாக இருந்தது. முனையில் விரல் இல்லை. தட்டையாக, துடுப்புபோல, ஒரு சதை. அது அவன் விரலைத் தொட்டதும் மெல்ல மடங்கிப் பற்றிக்கொள்ளப் பார்த்தது.

பிரித்து எடுக்க வேண்டும். குளிரில் கிடத்த வேண்டும். தூக்கப் பார்த்தான். தோல் கூடவே இழுபட்டது. எது யாருடைய தோல் என்று தெரியவில்லை. இன்னும் இழுத்தால் கிழியும்.

கீழே வண்டி நிற்கும் சத்தம். ஆம்புலன்ஸ் இல்லை. படிக்கட்டில் செருப்புச் சத்தம். இரண்டு இரண்டு படியாக. பூட்டில் சாவி.

"என்னங்க! கிடைச்சுடுச்சுங்க! மூணு மாசம்! சம்பளம் இல்லாத லீவுதான், போனாப் போகட்டும்—" அடைத்திருந்த துணியைத் தள்ளிக்கொண்டு படுக்கையறைக் கதவு திறந்தது. "ஐயோ, என்ன இது, பிணவறை மாதிரி! பிள்ளைக்குச் சளி பிடிச்சுக்காது?"

அவன் திரும்பினான். இடது பக்கம் அவளுக்குத் தெரியும்படி திரும்பினான். இடது கன்னம், மூடிய இடது கண், மூடிய இடது கை. எந்தக் குழந்தையும் தூங்கும்போது இருப்பதுபோலத்தான் இருந்தது அது.

அவள் குரல் தாழ்ந்தது. வியர்வை வழியும் முகத்தில் சிரிப்பு. "தூங்கிட்டாரா?"

"இப்பத்தான்."

"கொடுங்க."

"கொஞ்ச நேரம் இரு. எழுந்துடுவான்."

"எழுந்தா எழட்டும். பத்து நாளுக்கு மேல ஆச்சு என் பிள்ளையை நான் பகல்ல நிதானமாப் பார்த்து." இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு அவள் அருகே வந்தாள். "பெரியவரே! அம்மா வந்துட்டேன்."

"வேண்டாம். கூப்பிடாதே. கெஞ்சிக் கேக்கறேன், கூப்பிடாதே."

"என்னங்க ஆச்சு உங்களுக்கு? ஏன் அழறீங்க? தங்கம், இங்க பாரு. அம்மாடா."

அம்மாவின் குரல் வந்த திசைக்குக் குழந்தை தலையைத் திருப்பியது. மார்பிலிருந்து கன்னம் ஈரச் சத்தத்தோடு மெல்லப் பிரிந்தது. அந்தப் பக்கத்துக் கண், முகத்தின் ஓரத்தில், காது இருக்க வேண்டிய இடத்துக்கு அருகே இருந்தது. அதற்கு இமை இன்னும் உண்டாகியிருக்கவில்லை. கறுப்பாக, வட்டமாக, அகலத் திறந்து அது அவளைப் பார்த்தது. அடையாளம் கண்டுகொண்டது. வாயில் மீதியிருந்த பாதி சிரித்தது. இடது கையும் அந்தத் துடுப்பும், இரண்டும் சேர்ந்து, தூக்கச் சொல்லி அவளை நோக்கி நீண்டன.